பெயர் இருக்கிறது, நத்தம் எங்கே?

ஃபிஜியில் இருக்கும் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுகிறார் என்று வையுங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். 1903இலிருந்து 1916 வரை சென்னையில் கப்பலேறிப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு எழுதிக்கொடுத்த குடியேற்றச் சீட்டின் நகல். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, அப்புறம் ஜில்லா, தாலுகா, கிராமம். ஜில்லா வட ஆற்காடு. தாலுகா போளூர். கிராமம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து: கே, இ, எல், யூ, ஆர்.

சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதிய குமாஸ்தாவுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. காதில் விழுந்ததை இங்கிலீஷில் பிடித்துப் போட்டிருக்கிறார். அது கேளூராக இருக்கலாம், கீழூராகவும் இருக்கலாம். கேலூர், கெல்லூர் என்று இன்னும் இரண்டு விதமாகப் படிக்கலாம். போளூர் வட்டத்தில் கேளூர் என்று ஓர் ஊர் இன்றைக்கும் இருக்கிறது என்பதால் "கிடைத்துவிட்டது" என்று பதில் போடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அன்றைய போளூர் தாலுகா இன்றையதைவிடப் பெரியது; கலசப்பாக்கம், ஜமுனாமரத்தூர் எல்லாம் பிற்பாடு தனி வட்டங்கள் ஆனவை. வட ஆற்காடு மாவட்டமே 1989இல் பிரிந்து, போளூர் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. கீழூர் என்ற பெயரோ, எங்கெல்லாம் ஒரு மேலூர் உண்டோ அங்கெல்லாம் இருக்கக்கூடியது.

இந்த மாதிரித் தேடலில் எல்லாரும் கேட்பது, "அப்படி ஓர் ஊர் இருக்கிறதா?" என்றுதான். எனக்கு அந்தக் கேள்வி பாதிக் கேள்வியாகவே படுகிறது. பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது என்றால், யாரோ எதையோ எண்ணும்போது அந்தப் பெயரை எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். எண்ணியது நிலத்தையா, ஆட்களையா, ஓட்டையா, தபாலையா என்று தெரிந்தால்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் வீடு வாசல் இருக்கிறதா என்று பேச முடியும்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 15,979 கிராமங்கள். அதே வாக்கில் ஊரக வளர்ச்சித் துறை சொன்ன கணக்கில் 12,524 ஊராட்சிகள், அவற்றுக்குள் 79,394 குக்கிராமங்கள். மூன்று எண்ணில் எது சரி என்று கேட்டால், மூன்றும் சரி. எண்ணிய பொருள்தான் வேறு. வருவாய்த் துறைக்குக் கிராமம் என்பது எல்லைக் கல் நட்டு அளந்து, சர்வே எண் போட்ட ஒரு நிலப்பரப்பு. கணக்கெடுப்புத் துறை ஊரகப் பகுதியில் அந்த வருவாய்க் கிராமத்தையே தன் அலகாக எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பத்துக் குக்கிராமம் இருந்தாலும் அது ஒரே வரி, ஒரே ஆறு இலக்கக் குறியீட்டு எண். ஊராட்சி என்பது தேர்தலும் நிர்வாகமும் நடக்கும் வட்டம். அதில் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் அடங்கலாம், ஒரு பெரிய வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளாகவும் பிரிந்திருக்கலாம். நாம் பேச்சில் "எங்க ஊர்" என்று சொல்வது பெரும்பாலும் அந்த 79,394இல் ஒன்று. அதாவது நம் ஊர்ப்பெயர் கணக்கெடுப்புப் பட்டியலில் இல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம், இருப்பதற்குத்தான் குறைவு.

இந்தக் குழப்பத்தில் காசும் அடங்கியிருக்கிறது. ஊராட்சிக்கு இவ்வளவு என்று சமமாக நிதி ஒதுக்கினால், இரண்டே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்குக் கொண்டாட்டம். நீலகிரி மாதிரி 35 ஊராட்சிக்குள் ஆயிரத்துக்கு மேல் குடியிருப்புகளை அடக்கிய மாவட்டத்துக்குத் திண்டாட்டம். குடியிருப்பை அலகாக வைத்து 2011-12இல் 'தாய்' திட்டம் வந்ததற்குக் காரணம் இதுதான். குடியிருப்புகளின் பட்டியல் ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்ற அக்கறை, தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் வரும்போதுதான் பிறக்கிறது போலிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வகை இன்னும் சுவாரசியமானது. பட்டியலில் கிராமம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். 2011இல் நாடு முழுவதும் எண்ணிய சுமார் 6.4 லட்சம் கிராமங்களில் 43 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஆளில்லாதவை. வடக்கே இவற்றுக்குப் பழைய வருவாய்ப் பேச்சில் 'பேசிராக்' என்று பெயர். பாரசீகச் சொல், 'விளக்கில்லாதது' என்று அர்த்தம். அரசாங்கச் சொற்களில் இவ்வளவு அழகான சொல் குறைவு. தமிழ்நாட்டிலும் இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. சில, காப்புக்காட்டையே கிராமமாகப் பெயர் போட்டு வைத்தவை. சில, ஒரு கண்மாயும் அதன் கீழ் நாற்பது ஐம்பது ஏக்கர் வயலும் மட்டும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் 'ஏந்தல்' என்று முடியும் பெயர்கள் ஏராளம். வடக்கே காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் 'தாங்கல்'. இரண்டுமே முதலில் நீர்நிலையின் பெயர்கள். தண்ணீருக்குப் பெயர் இருந்தால் அதன் பாசனத்துக்குக் கணக்கு இருக்கும். கணக்கு இருந்தால் அது ஒரு கிராமமாகிவிடும். உழுகிறவர்கள் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து போவார்கள்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது நத்தம்.

நத்தம் என்றால் மதுரைக்கு வடக்கே இருக்கும் ஊரைச் சொல்லவில்லை. ஒரு கிராமத்தின் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்று விட்டுவைத்த பகுதிக்குக் கிராம நத்தம் என்று பெயர். இந்தச் சொல்லுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருமானம் தர வேண்டிய ஊர்களின் நிலத்தை அளந்து சொல்லும் இடத்தைப் பாருங்கள். ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர்நத்தமும், கோயில்களும், குளங்களும், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்களும், சேரிகளும், சுடுகாடும் நீங்கலாக மீதிக்கு வரி என்று வரும். 'ஊர்' என்பது முழு நிலம், 'நத்தம்' என்பது குடியிருக்கும் இடம் என்று அன்றைக்கே பிரித்து எழுதியிருக்கிறார்கள். நாம்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இன்றைக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் புரட்டினால் அதே பட்டியல்தான். சர்வே எண் வரிசையாக ஒவ்வொரு துண்டு நிலமும் வரும். இது ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்), இது சர்க்கார் புறம்போக்கு, இது நஞ்சை, இது புஞ்சை, தீர்வை இவ்வளவு, பட்டாதாரர் இன்னார். புறம்போக்கு வரும் இடங்களில் அது என்ன என்று ஒரு சொல் இருக்கும்: ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மயானம், களம், நத்தம். ஒரு வருவாய்க் கிராமத்தின் பதிவேட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்து, ஏரியும் வாய்க்காலும் இருக்கின்றன, நத்தமும் மயானமும் இல்லை என்றால், அந்தப் பெயரில் தலைமுறை தலைமுறையாக யாரும் பிறந்து வாழ்ந்து செத்ததில்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். சுடுகாடு இல்லாத ஊர் ஏது?

'ஓரளவு' என்று சொல்லக் காரணம் உண்டு. புஞ்சைக் காட்டை மனை போட்டு விற்று, நகர் என்றும் கார்டன் என்றும் பெயர் வைத்துவிட்ட இடங்களில், பதிவேட்டில் நத்தம் இல்லாமலேயே நூறு வீடு இருக்கும். பக்கத்துக் கிராமத்தின் மயானத்தையே பயன்படுத்தும் குக்கிராமங்களும் உண்டு. அதனால் இதை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கூகுள் மேப்பில் புள்ளி தெரிகிறது என்பதைவிட இது ஆயிரம் மடங்கு கெட்டியான சாட்சி.

பழைய பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இன்னொரு சொல் பழக்கமாக இருக்கும்: மஜரா. சொத்து விவரத்தில் பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம் எல்லாம் வந்து, 'இன்ன கிராமம் மஜரா இன்ன பட்டியில்' என்று போகும். தாய்க் கிராமத்துக்குக் கஸ்பா என்றும், அதைச் சேர்ந்த சின்னக் குடியிருப்புக்கு மஜரா என்றும் பெயர். வட மாவட்டங்களில் இது வாயில் புரண்டு 'மதுரா' ஆகிவிட்டது. ஊர்ப்பெயருக்கு முன்னாலோ பின்னாலோ மதுரா என்று பார்த்துவிட்டு, கண்ணன் பிறந்த மதுராவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்தவர்கள் இருப்பார்கள். ஒரு தொடர்பும் இல்லை. முன்பெல்லாம் எந்த மஜரா எந்தக் கஸ்பாவைச் சேர்ந்தது என்பது கணக்குப்பிள்ளை வாயில் இருந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிக்கப்பட்டபோது, நல்லது பல நடந்தாலும், இந்த வாய்க்கணக்கும் கூடவே போனது.

மஜராவின் மூலம் அரபுச் சொல் 'மஸ்ரஆ'. விளைநிலம், பண்ணை என்று பொருள். பாரசீகம் வழியாக முகலாயர் கணக்கில் ஏறி, நவாபு ஆட்சியில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. இதே சொல்லால் ஈரானில் ஒரு பெரிய கூத்து நடந்தது.

ஈரான் கணக்கெடுப்பில் ஊரகப் பகுதியின் அலகுக்கு 'ஆபாதி' என்று பெயர். ஆபாதி என்றால் குடியிருப்பு என்றுதான் அகராதி சொல்லும். ஆனால் கணக்கெடுப்பவர்களுக்கு அது ஊருக்கு வெளியே பெயரோடு தனியாக இருக்கும் எந்த இடமும் ஆகலாம்: ஒரு பண்ணை, ஒரு கிணறு, ஒரு பம்ப்செட், ஒரு தொழிற்சாலை. 2006 கணக்கெடுப்பின் ஆபாதிப் பட்டியலை எடுத்து, வரிக்கு ஒரு கட்டுரையாக ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் 'ஈரானில் உள்ள ஒரு கிராமம்' என்று தொடங்கியது. மக்கள்தொகை இல்லாத இடத்தில், 'இதன் இருப்பு குறிக்கப்பட்டது, மக்கள்தொகை தெரிவிக்கப்படவில்லை' என்று ஒரு வரி. பாரசீகம் தெரிந்தவர்கள் பிற்பாடு அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்தால், 'மஸ்ரஎ' என்று தொடங்குபவை பண்ணைகள், 'சாஹ்' என்று தொடங்குபவை கிணறுகள், 'தொலொம்பே' என்று தொடங்குபவை பம்புகள். இன்னாருடைய மோட்டார் என்று நேராகவே பெயர் கொண்டவையும் உண்டு. 2021இல் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஒரே வீச்சில் நீக்க வேண்டி வந்தது.

இதைக் கேட்டு ஈரான்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் கணக்கெடுப்பு தன் வேலைக்குச் சரியாகத்தான் எழுதியது. படித்தவர்கள்தான் 'கிராமம்' என்று மொழிபெயர்த்தார்கள். கொங்கு நாட்டில் இதே வேலையைச் செய்து பாருங்கள். அங்கே வீடுகள் ஊரில் கூடியிருப்பதைவிடத் தோட்டத்தில் தனித்தனியாக இருப்பது வழக்கம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர்: புளியமரத்துத் தோட்டம், கிணத்துத் தோட்டம், இன்னார் காடு. தபால்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் முகவரியாகவும் வரும். இதையெல்லாம் கிராமம் என்று எண்ணத் தொடங்கினால் ஈரோடு மாவட்டம் மட்டுமே ஒரு தேசம் அளவுக்குப் பட்டியல் போடும்.

பெயர்ப்பலகையிலும் இதே வம்பு. தென் மாவட்டங்களில் பஸ் நிற்கும் இடத்துக்கு 'விலக்கு' என்று பெயர் வரும். பிரதான சாலையிலிருந்து அந்த ஊருக்கு வழி விலகும் இடம். கொங்கில் அதே இடம் 'பிரிவு'. வடக்கே 'கூட்ரோடு'. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் 'கைகாட்டி'. வழி காட்டக் கை வரைந்த பலகை நட்டிருந்த இடம். வரைபடச் செயலிகளில் இவை ஊர்களைப் போலவே புள்ளி வைத்து நிற்கும். முதலில் அங்கே ஒரு புளியமரமும் டீக்கடையும்தான் இருந்திருக்கும். ஆனால் சும்மா தள்ளிவிடவும் முடியாது. டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை, அப்புறம் மருந்துக்கடை, அப்புறம் நாலு வீடு என்று வளர்ந்து, உள்ளே இருக்கும் மூல ஊரைவிடப் பெரிதாகிவிட்ட விலக்குகள் எத்தனையோ. இருபது வருஷத்துக்கு முன்பு 'ஊர் இல்லை' என்று எழுதியிருந்தால் சரி, இன்றைக்குத் தப்பு.

ரயில் நிலையங்களை நான் சாட்சியாகச் சேர்ப்பதே இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால் கொடைக்கானலுக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். நிலையம் நிற்கும் ஊர் அம்மையநாயக்கனூர். தபாலும் இப்படித்தான். 1972இல் பின்கோடு வந்தபோது எண் கிடைத்தது விநியோக அஞ்சலகத்துக்கு, ஊருக்கு அல்ல. ஒரே எண்ணின் கீழ் இருபது பெயர் வரும். அதில் எது ஊர், எது ஊரின் ஒரு மூலை என்று தபால் துறைக்குக் கவலையில்லை, கடிதம் போய்ச் சேர்ந்தால் சரி.

இணையத்தில் கிடைக்கும் இடப்பெயர்த் தரவுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இந்தியாவின் குக்கிராமப் பெயர்கள் பலவற்றுக்கு வழித்தடம் ஏறக்குறைய இப்படி. பிரிட்டிஷ் காலத்தில் சர்வே ஆஃப் இந்தியா வரைந்த படங்கள். அவற்றை வைத்து 1950களில் அமெரிக்க ராணுவம் இரண்டரை லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த படங்கள். இப்படிப்பட்ட படங்களிலிருந்து பெயர்களைப் பொறுக்கிச் சேர்த்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இடப்பெயர்க் கோப்பு. அதை வாங்கிக்கொண்ட ஜியோநேம்ஸ் தளம். அங்கிருந்து வானிலைச் செயலி, ஹோட்டல் தளம், 'இன்ன ஊரில் இன்றைய தங்கம் விலை' என்று போடும் பக்கங்கள் வரை எல்லாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வெர்கர் யோஹான்சன் எழுதிய எல்எஸ்ஜேபாட் என்ற நிரல், ஜியோநேம்ஸை மென்று பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் லட்சக்கணக்கான கட்டுரைகளைத் துப்பியது. பத்து இடத்தில் ஒரு பெயர் வருகிறது என்றால் பத்துச் சாட்சி என்று நினைப்போம். தோண்டிப் பார்த்தால் ஒரே பழைய படத்தில் ஒரு ராணுவ வரைவாளர் இழுத்த ஒரே பேனாக்கோடு.

இப்படிப் பழைய படத்திலிருந்து பிறந்த பெயர்களை அடையாளம் காண ஒரு சின்ன உத்தி உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 0833, 1667, 25, 5 என்று வந்தால், அது பாகையை அறுபதாகப் பிரித்த கலைக்கணக்கில் முழுசாக்கி எழுதிய எண். ஒரு கலை என்பது தரையில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளி ஊரின் மேல் விழ வேண்டிய கட்டாயமே இல்லை. ஏரிக்கு நடுவில் விழும், பக்கத்து ஊரின் தலையில் விழும். புள்ளி விழுந்த இடத்தில் சாட்டிலைட் படத்தைப் பார்த்துவிட்டு "ஒரு வீடும் இல்லையே, போலிப் பெயர்" என்று சொல்லிவிடக் கூடாது. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டர் தேட வேண்டும்.

சாட்டிலைட் படமும் ஏமாற்றும். நாமக்கல் பக்கம் வரிசை வரிசையாக நீளநீளக் கூரைகள் தெரிந்தால் அது தெரு இல்லை, கோழிப்பண்ணை. ஊர் என்றால் கூரைகள் கோணல்மாணலாக இருக்கும், நடுவில் கோயிலுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கும், நாலு பக்கமிருந்தும் ஒற்றையடிப் பாதைகள் வந்து கூடும்.

முழுக்க முழுக்க இட்டுக்கட்டிய ஊர்களும் உலகத்தில் உண்டு. 1930களில் நியூயார்க் மாநிலத்தின் சாலை வரைபடம் போட்ட ஒரு நிறுவனம், காப்பியடிப்பவர்களைப் பிடிக்க 'அக்லோ' என்று இல்லாத ஓர் ஊரைச் செருகியது. முதலாளி, உதவியாளர் இருவரின் பெயரின் முதலெழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர். பிறகு வேறொரு நிறுவனத்தின் படத்தில் அக்லோ வந்தபோது, "மாட்டினாயா" என்றால், "அங்கே அக்லோ ஜெனரல் ஸ்டோர் என்று கடையே இருக்கிறதே" என்றார்கள். வரைபடத்தைப் பார்த்து யாரோ கடைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில், கூகுள் படத்தில் மட்டும் இருந்த 'ஆர்கிள்டன்' 2009இல் பத்திரிகைச் செய்தியாகி, பிறகு மறைந்தது. ரசமான கதைகள்தான். ஆனால் நம் ஊர்ப்பெயர்ச் சிக்கல்களில் பொறி வைத்த பெயரை நான் பார்த்ததில்லை. இங்கே தொல்லையெல்லாம் எழுத்துப்பிழையும் வகைப்பிழையும்தான்.

எழுத்துப்பிழை என்றதும் இதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுதி, அதை மறுபடி இயந்திரத்தை வைத்துத் தமிழாக்கும்போது புதுசாக ஒரு பேய் ஊர் பிறக்கிறது. கோவைக்குப் பக்கத்துக் காளப்பட்டி 'கலபட்டி' ஆகும். கீழ என்பது 'கீலா' ஆகும். அரசுத் தளங்களிலேயே இப்படிப் பார்க்கலாம். பிறகு காளப்பட்டியும் கலபட்டியும் இரண்டு ஊர் என்று பட்டியலில் தனித்தனியாக உட்கார்ந்துகொள்ளும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 இடங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. நோக்கம் சரி. வேலூருக்கு இரண்டு 'இ'யும் இரண்டு 'ஓ'வும் போட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கும் ஊர்கள் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். காட்டுக்குள் அளக்கப்படாமல் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சர்வே எண் கிடையாது, நத்தமும் கிடையாது. நான் மேலே சொன்ன சோதனையில் அவை எல்லாமே தோற்றுப்போகும். தோற்றது சோதனை, ஊர் அல்ல. 2006 வன உரிமைச் சட்டம், வனக் கிராமங்களையும் பதிவாகாத, அளக்கப்படாத குடியிருப்புகளையும் வருவாய்க் கிராமமாக மாற்றக் கோரும் உரிமையைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது என்றால், அப்படிப்பட்டவை எத்தனை இருந்திருக்க வேண்டும். ஆனைமலைப் பக்கம் இவற்றைச் 'செட்டில்மென்ட்' என்றே சொல்வார்கள். நீலகிரியில் தோடர்களின் மந்து இன்னும் நுணுக்கமானது. நாலைந்து வீடும் ஒரு பால்மனையும்தான் ஒரு மந்து. பருவத்துக்கு மட்டும் போய்த் தங்கும் மந்துகளும், யாரும் குடியில்லாவிட்டாலும் சடங்குக்காக விடாமல் வைத்திருக்கும் மந்துகளும் உண்டு. வீட்டில் ஆளில்லை என்பதால் அதை 'முன்னாள் ஊர்' என்று ஒரு தோடரிடம் சொல்லிப் பாருங்கள்.

காலியான ஊர்களும் அப்படித்தான். தூத்துக்குடி மாவட்டம் செக்காரக்குடிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் குடிதண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறி, கடைசியில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். 2024இல் அவரும் காலமானார். அங்கே வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஆள் இல்லை. கண்மாயும் வயலும் மட்டும் உள்ள ஏந்தலுக்கும் மீனாட்சிபுரத்துக்கும் மக்கள்தொகைக் கலத்தில் ஒரே பூஜ்யம்தான் விழும். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியைப் பார்த்தவர்களுக்கு, 1934க்கு முன்னால் அங்கே வாழ்ந்த ஊர்களை 'இல்லாத ஊர்' என்று சொல்ல வாய் வராது.

நடைமுறையில் நான் அதிகம் நம்புவது வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தை. ஒவ்வொரு பாகத்துக்கும் முதன்மைக் கிராமம், அஞ்சலகம், காவல் நிலையம், வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் அதில் இருக்கும். அதற்குக் கீழே பிரிவு வாரியாக அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்களும் குக்கிராமங்களும் பெயரோடு வரும். கட்சிக்காரர்கள் அந்தப் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்ப்பார்கள். இல்லாத ஊரில் நூறு ஓட்டு இருந்தால் எதிர்க்கட்சி சும்மா விடாது. இந்த அளவுக்கு ஆட்கள் தினமும் சண்டை போட்டுத் திருத்தும் வேறொரு ஊர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை. அது, 'அ' பதிவேடு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் குடியிருப்புப் பட்டியல் ஆகிய மூன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வேலைக்காக எழுதியவை. மூன்றிலும் ஒரு பெயர் வந்தால் சந்தேகம் வேண்டியதில்லை. வருவாய்க் கணக்கில் மட்டும் வந்தால் அது நிலத்தின் பெயர். ஊராட்சிக் கணக்கில் மட்டும் வந்தால் மஜரா.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் நேரில்தான் போக வேண்டும். போகும்போது கையில் இருக்கும் பெயரை முதலில் சொல்லிவிடக் கூடாது. "இதுதானே கீழூர்?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்கு "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார்கள். "இந்த ஊர் பேரு என்னங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பஸ் கண்டக்டர் ஒரு பெயர் சொல்வார், ரேஷன் கடையில் ஒரு பெயர் எழுதியிருக்கும், டீக்கடையில் பெரியவர் "அது கவர்மென்ட் பேரு, நாங்க சொல்றது வேற" என்பார். அந்த வேற பெயர்தான் பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு முன்பு ஒருவர் குமாஸ்தாவிடம் சொன்ன பெயராக இருக்கும்.

ஃபிஜிக்காரருக்கு என்ன பதில் எழுதுவது? போளூர் வட்டத்தில் கேளூர் இருக்கிறது, உங்கள் சீட்டில் உள்ள ஐந்தெழுத்தும் அதோடு பொருந்துகிறது; ஆனால் அன்றைய தாலுகா எல்லைக்குள் கீழூர் என்ற பெயரில் ஏதாவது மஜரா இருந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் உறுதி சொல்ல முடியும் என்று எழுதலாம். கூடவே ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதல் மொட்டை போடும்போது எந்தச் சாமி பெயரைச் சொல்லிப் போடுவார்கள் என்று வயதானவர்கள் யாருக்காவது நினைவிருக்கிறதா? குலதெய்வத்தின் பெயர் கிடைத்தால், கேளூரா கீழூரா என்பதை அந்தக் கோயில் பூசாரியிடமே கேட்டுக்கொள்ளலாம்.